முன் வாசலில் ஏறு

சிறையிலிருந்து, பெங்களூரு
7.9.2025

அன்புள்ள பிரிஜெட்,

ஆண்டவர் அருளால் இங்கே நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆரம்பித்துவிட்டேன். வியாழக்கிழமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நீ பேசியதில் பாதி காதில் விழவில்லை. அழுதது மட்டும் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பீல் எப்போது வரும் என்று வக்கீலுக்கே தெரியாது. அதுவரை ஹெப்பகோடியில் உன் சித்தி மகள் ரூபினியின் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாயா? கல்யாணமான புதிதில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அதற்குள் அந்தக் கைகலப்பு, அந்த மனிதரின் சாவு, எனக்கு ஆயுள் தண்டனை. நீ பார்த்த பெங்களூர் கோர்ட்டும் ஜெயிலும்தான். இப்போது நீயே போய்ப் பார். வழி நான் சொல்கிறேன்.

முதலில் லால்பாக். மார்க்கெட் போகிற பஸ்ஸில் முன் வாசலில் ஏறு. இங்கே பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். நான் கூட வந்திருந்தாலும் பின்னால்தான் நின்றிருப்பேன். இடம் வந்ததும் "ஏய் பிரிஜெட், எறங்கு" என்று அங்கிருந்தே கத்தியிருப்பேன். இப்போது டெய்ரி சர்க்கிள் தாண்டியதும் நீயே எழுந்துகொள்.

உன்
ஷெர்வின்


ஹெப்பகோடி
21.9.2025

என் அன்புக் கணவருக்கு,

பிரிஜெட் எழுதுவது. உங்கள் தமிழில் பிழை குறைந்திருக்கிறது. அங்கே நல்ல வாத்தியார் யாரோ மாட்டியிருக்கிறார் போல.

ஜெயிலுக்கு ரூபினி வண்டியில் கொண்டுவந்து விடுவதால், இங்கே நான் பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை. நீங்கள் அவ்வளவு சொல்லியும், எங்கள் ஊர் சேத்துப்பட்டுப் பழக்கத்தில் பின்னால் ஏறி இடது பக்கம் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் ஆண்கள். கண்டக்டர், "முந்தெ ஹோகம்மா, முந்தெ!" என்று விரட்டினார். முன்னால் போனால், பெண்கள் எல்லோரும் ஆதாரைக் காட்டி இலவசச் சீட்டு வாங்குகிறார்கள். இது நீங்கள் உள்ளே போன பிறகு வந்தது. என்னுடையதைப் பார்த்துவிட்டு, "தமிழ்நாடு அட்ரஸ்ஸாம்மா? நீ டிக்கெட் எடுக்கணும்" என்றார். அத்தனை பெண்களில் நான் ஒருத்திதான் வெளியூர்க்காரி. மானம் போயிற்று.

லால்பாக் பாறைமேல் ஏறினேன். உங்கள் ஜெயில் இருக்கும் ஹொசா ரோடு எந்தப் பக்கம் என்று ஓர் அம்மாவைக் கேட்டேன். கை காட்டினார். அந்தப் பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தேன். பூ எதையும் பார்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பும்போது மெட்ரோ. ஆமாம், ஹெப்பகோடிக்கே வந்துவிட்டது! ஆர்.வி. ரோட்டில் மாற வேண்டும். ஹொசா ரோடு ஸ்டேஷன் வந்ததும், உங்களைப் பார்க்க வரும் நினைப்பில் எழுந்து கதவுவரை போய்விட்டேன்.

ஆதாரில் அட்ரஸை இங்கே மாற்றிவிடலாமா? அப்பீல் ஜெயித்தால் இரண்டு பேரும் இங்கேதானே இருப்போம்.

உங்கள்
பிரிஜெட்


சிறையிலிருந்து
5.10.2025

அன்புள்ள பிரிஜெட்,

மானம் பஸ்ஸில்தானே போயிற்று, பரவாயில்லை, டெப்போவில் கேட்டால் கிடைக்கும்.

மெட்ரோ சேதிதான் என்னைப் படுத்திவிட்டது. ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு ஸ்டாப் ஸ்டாப்பாக ஊருக்குள் போய்க்கொண்டிருப்பேன். நான் போகிற அந்த ஊர் வெளியே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. இனி வழிக்கு ரூபினியைக் கேள்.

அப்பீல் முப்பதாம் தேதி. விதான சௌதாவுக்கு எதிரே செக்கச்சிவப்பாக நீளக் கட்டிடம் ஒன்று இருக்கும். சின்ன வயதில் பஸ்ஸிலிருந்து அதைக் காட்டி, "ராஜா வீடு" என்று சித்தப்பா ஏமாற்றுவார். அதுதான் ஹைகோர்ட். நீ உள்ளே போகாதே. பக்கத்தில் கப்பன் பார்க்கில் உட்கார்ந்து கடலை வாங்கித் தின்னு. சேதி தானாக வெளியே வரும்.

அட்ரஸ் பேச்சு அதற்கப்புறம்.

ஷெர்வின்


ஹெப்பகோடி
2.11.2025

என் அன்புக் கணவருக்கு,

அப்பீல் தள்ளுபடி. வக்கீல் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் சொல்ல வேண்டும்.

உங்கள் பேச்சைக் கேட்காமல் உள்ளே போனேன். இங்கிலீஷில் பேசினார்கள். வக்கீல் காகிதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டதும்தான் புரிந்தது. டெல்லிக்குப் போகலாம் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே வந்து ரோட்டோரம் நின்றேன். சேலத்திலிருந்து ஊர் பார்க்க வந்த ஒரு குடும்பம், "அக்கா, பில்டிங் முழுசா வர்ற மாதிரி ஒரு போட்டோ எடுங்க" என்று போனை நீட்டியது. எடுத்துக்கொடுத்தேன். "நல்லா வந்திருக்கா பாருங்க" என்று கேட்கவும் செய்தேன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ.

ரூபினி தன் கம்பெனியில் எனக்கு வேலை கேட்டிருக்கிறாள். ஆதாரை மாற்றக் கொடுக்கப் போகிறேன். இனி இதுதான் என் ஊர். வாராவாரம் வருவேன்.

உங்கள்
பிரிஜெட்


சிறையிலிருந்து
9.11.2025

பிரிஜெட்,

அட்ரஸை மாற்றாதே.

வியாழக்கிழமை உன் முகத்தைப் பார்க்காவிட்டால் எனக்கு அந்த வாரமே இல்லை. ஆனால் என் வாரத்துக்காக உன் வயசெல்லாம் போக வேண்டாம். தண்டனை எனக்குத்தான் கொடுத்தார்கள். இனி நீ வந்தால் நான் பார்க்க வரமாட்டேன். இங்கே சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒரு வழி. இது மாறியிருக்காது. ஹெப்பகோடியில் அத்திபெலே பஸ் பிடி. முன் வாசலில் ஏறு. அத்திபெலேயில் இறங்கினால் ஓசூர் பஸ் நிற்கும். ஓசூரிலிருந்து திருவண்ணாமலை. அதற்கப்புறம் உனக்கே தெரியும்.

பின்னால் நான் நிற்கிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காதே.

ஷெர்வின்


சேத்துப்பட்டு
7.12.2025

என் அன்புக் கணவருக்கு,

சும்மா மிரட்டுகிறீர்கள் என்று நினைத்து வாராவாரம் வந்தேன். கடைசித் தடவை வாசலில் இருந்த காவலர், "வேணாம்மா, வீட்டுக்குப் போ" என்று தமிழிலேயே சொன்னார். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நீங்கள் சொன்ன வழியில்தான் ஊருக்கு வந்தேன். வழி சரியாக இருந்தது. முன் வாசலில் ஏறினேன், டிக்கெட் எடுத்தேன். "அத்திபெலே, எறங்குங்க" என்று பின்னாலிருந்து கண்டக்டர் கத்தியதும் திரும்பிவிட்டேன். யார் யாரோ ஆண்கள். எல்லோரும் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, ஓசூர் பஸ்ஸைத் தேடிப் போனேன்.

இதற்குப் பதில் போடாதீர்கள். போட்டால் கிளம்பி வந்துவிடுவேன். வழி எனக்குத் தெரியும்.

பிரிஜெட்