நாலு போல்ட்டும் முடுக்கியாச்சு, அப்பா

பால் ஊற்றாத தே ஓ ஆறிப்போனால் குடிக்காமலே எழுந்துபோகும் என் ரோஷக்கார அப்பாவுக்கு,

அங்கே சூடாகத்தான் கொடுக்கிறார்கள் என்று நம்புகிறேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை. அம்மாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை. போன வாரம் பிரிஞ்சாங் பசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். சோளம் வாங்கிக் கடித்துக்கொண்டே, "ஒங்கப்பா இருந்தா இதுக்கு வெல பேசியே நம்மள மழையில நனைய விட்டிருப்பாரு" என்று சிரித்தார். அப்புறம் மீதிச் சோளத்தைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் பேக்டரிக்குத் திரும்ப வந்து ஆறு வாரம் ஆகிறது. எங்கள் படிப்பு அப்படித்தானே, ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் வேலை, மறுபடி வகுப்பு. "படிக்கிறதா வேல செய்யிறதா, ஒன்ன முடிவு பண்ணச் சொல்லு ஒங்க யூனிவர்சிட்டிய" என்று கேலி செய்வீர்கள். முதல் பிராக்டிகலுக்கு நம் எஸ்டேட் தேயிலை பேக்டரியே கிடைத்தது என்று சொன்னபோது உங்கள் முகம் போன போக்கு இருக்கிறதே! மகள் இந்தக் கேட்டைத் தாண்டி வெளியே போக வேண்டும் என்று படிக்க வைத்தவர் நீங்கள். நான் அதே கேட் வழியாக உள்ளே வந்து நின்றேன்.

அந்த முதல் நாள் காலையில் கேட் முன்னால் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று ஒரு சட்டம் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

"இங்க பாரு யோகேஸ். இதுக்கு உள்ள நான் அப்பா இல்ல, நீ மக இல்ல. அப்பன் இருக்கான்னு சலுகை காட்டுறாங்கன்னு ஒரு பய பேசக்கூடாது. நீ ஒன் வேலயப் பாரு, நான் என் வேலயப் பாக்குறேன்."

சொன்னபடியே செய்தீர்கள். எல்லார் முன்னாலும் என்னை "மிஸ்" என்றீர்கள். எனக்குத்தான் திண்டாட்டம். உங்கள் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் "அங்கிள்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். இலை காய வைக்கும் டிரையரில் உங்களோடு நின்ற மணியம் மாமா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து நான் உங்களை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் பேசவும் இல்லை.

நான் செய்த தப்பு அங்கேதான் தொடங்கியது, அப்பா.

டிரையருக்குள் இலையைக் கொண்டுபோகும் சங்கிலி இருக்கிறதே, அதன் மேல் இருக்கும் இரும்பு மூடியை ஒருநாள் பார்த்தேன். நாலு போல்ட்டில் ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றில் தொங்கிக்கொண்டு மூடி கதவு மாதிரி ஆடியது. நீங்கள் அதை முழங்கையால் தள்ளிவிட்டு, சங்கிலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டு எதையோ பிடுங்கி எறிந்தீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. வகுப்பில் இதே மாதிரி இடத்தில் விரலை விட்டவர்களின் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கே என் வார அறிக்கையில் எழுதி அனுப்பினேன். ஒரு பிரதி லெக்சரருக்கு, ஒரு பிரதி எஸ்டேட் துரைக்கு.

துரை இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து மூன்று போல்ட்டையும் எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

"நாந்தான் கழட்டுனேன் துரை. மிஸ் எழுதுனது சரிதான்."

இருபது வருடம் நின்ற டிரையரிலிருந்து உங்களை எடுத்து, லோரியில் வரும் கொழுந்தை இறக்கும் இடத்தில் போட்டார்கள். மூடிக்கு நாலு போல்ட்டும் முடுக்கினார்கள். அடுத்த மழையில் ஈர இலை கட்டி கட்டியாக வந்து சங்கிலியின் வாயில் அடைத்தது. மூடியைக் கழற்ற மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உள்ளே ஏற்கெனவே போன இலை சூட்டிலேயே கிடந்து தீய்ந்துபோகும். ஒரே நாளில் ஐந்து தடவை நிறுத்தினார்கள். பேக்டரி முழுக்க தீய்ந்த வாடை. நீங்கள் ஏன் கையை விட்டீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீ எழுதுனது தப்புன்னு சொல்லலம்மா" என்றார் மணியம் மாமா. "அதுக்கு முன்ன அவர ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். தினமும் பத்துத் தடவை உங்களைத் தாண்டிப் போனேன். யாரோ ஒரு ஆப்பரேட்டர் என்றால் கேட்டிருப்பேன். அப்பா என்றாலும் கேட்டிருப்பேன். உங்கள் கேட் சட்டத்தால் நீங்கள் இரண்டும் இல்லாமல் போய்விட்டீர்கள்.

வீட்டில் நீங்கள் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் கேம்பசுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் தே ஓ குடித்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"மூடி இருக்கணும், சரி. அப்ப ஈர எல அடைச்சா, மெஷின நிறுத்தாம எப்படி எடுக்கிறது? அத எழுதலியே நீ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல ரோஷம். யார் மகள்! "அது மெஷின் ரிப்பேர் பண்ற பிட்டர் வேலப்பா, என் வேல இல்ல" என்று வெடுக்கென்று சொன்னேன்.

"சரி லா" என்றீர்கள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனீர்கள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம்தான். நான் வகுப்பில் இருந்தபோது அம்மாவின் போன் வந்தது. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். இரத்தக்குழாய் அடைப்பு வருடக்கணக்காக இருந்திருக்கும் என்றார் டாக்டர். அம்மாவும் அதையே சொல்கிறார். ஆனாலும் கேட்கிறேன், கொழுந்து மூட்டை தூக்கும் இடத்துக்கு உங்களை அனுப்பியது நான்தானே? என் மேல் வருத்தம் இருந்ததா, அப்பா? இருந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா?

கடைசி வருட பிராஜெக்டுக்கு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டேன். "ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார் லெக்சரர். "சின்னதுதான் சார், எனக்கு இன்னும் பதில் தெரியல" என்றேன். மூடிக்குள்ளே சீப்பு மாதிரி ஒரு இரும்புப் பல்வரிசை, மூடிக்கு வெளியே ஒரு கைப்பிடி. வெளியே நின்று இழுத்தால் உள்ளே கட்டி உடையும். கை உள்ளே போகவே வேண்டாம். படத்தில் பிரமாதமாக இருந்தது.

இந்தத் தடவை மணியம் மாமாவிடம் முதலில் காட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"வலது பக்கம் வெச்சிருக்கியே. சூட்டுக் காத்தக் கூட்டிக் கொறைக்கிறது வலது கைதான். இதையும் அதே கையா இழுக்கும்?"

இடது பக்கம் மாற்றினேன். அப்புறம் உயரம் எட்டவில்லை, இறக்கினேன். பல்லில் இலை சிக்கியது, இடைவெளியைக் கூட்டினேன். இப்படியே ஐந்து வாரம் போனது. என் மூக்குக்கு மேல் வரும் கோபம் உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

நேற்றுதான் சரியான மழை இலை வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட, நீங்கள் "நனஞ்ச கோழி" என்பீர்களே, அதே மாதிரி. துரையும் வந்து நின்றார். நாலு போல்ட்டும் முடுக்கியிருந்தது. ஒரு பெரிய கட்டி உருண்டு வந்து வாயில் அடைத்தது. மணியம் மாமா சூட்டுக் காற்றின் திருகிலிருந்து வலது கையை எடுக்காமல் இடது கையால் கைப்பிடியை இழுத்தார். கட்டி உடைந்து உள்ளே போனது. சங்கிலி நிற்கவில்லை. அடுத்த கட்டி. அதுவும் போனது. மெஷின் நிற்கவே இல்லை, அப்பா.

எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. துரை நிற்பதையும் மறந்து, "அப்பா! பாருங்கப்பா!" என்று கத்திவிட்டேன். பேக்டரிக்கு உள்ளே, அத்தனை பேர் முன்னால்.

யாரும் சிரிக்கவில்லை. மணியம் மாமா மட்டும் கைப்பிடியை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவ கூப்புடும்மா. இந்தச் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காது."

கூப்பிட்டேன்.

அந்த மூடியைப் பற்றி இன்றைக்கும் எழுதத்தான் செய்வேன், அப்பா. கை போனால் போனதுதான். ஆனால் இனி எந்த மெஷினைப் பற்றி எழுதினாலும், அதன் பக்கத்தில் நிற்பவரிடம் முதலில் போய்க் கேட்பேன். இது சத்தியம். உங்கள் கேட் சட்டத்தை மட்டும் என்னால் இனிமேல் காப்பாற்ற முடியாது.

கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உங்கள் மகள்,
யோகேஸ்