தொந்தரவு தராத பிள்ளை

மைசூர்
24.6.1996

அன்புத் தங்கை ஸ்ரீதேவிக்கு,

உன் மகன் பாலன் நன்றாக இருக்கிறான். இதை முதலில் எழுதாவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

என் பால்வாடியில் இப்போது ஐம்பத்து மூன்று குழந்தைகள். நான் ஒருத்தி. ஆயா மாரக்காள் வேலையை விட்டுப் போனாள். "வேற ஆள் வரும் மேடம்" என்று ஆபீசில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கி விட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஒருத்தன் கடிக்கிறான், ஒருத்தி சாக்கடைப் பக்கம் நழுவுகிறாள், அதற்குள் உப்புமா அடிபிடிக்கிறது. பாலன் மட்டும் சுவரோரம் சமத்தாக உட்கார்ந்திருப்பான். எல்லோரும் எழுந்தால் எழுவான், கை தட்டினால் தட்டுவான். மற்றவர்களும் இவனைப் போலிருந்தால் நான் தூங்கிக்கொண்டே சம்பளம் வாங்குவேன்.

கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. அக்ரஹாரத்துக் கடையில் அதிமதுரம் வாங்கிச் சப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் பாலனோடு சைகைதான். கெட்டிக்காரன், கண்ணைக் காட்டினால் செம்பை எடுத்து வருகிறான்.

உன் அக்கா
உமாதேவி


கௌதள்ளி
8.7.1996

பாசமுள்ள அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சமத்தை எழுதினாய், பேச்சைப் பற்றி ஒரு வரி இல்லையே? நாலு வயது முடிந்துவிட்டது. இங்கே "ம்மா" என்று ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "கூட்டத்துல உட்டா பேச்சு தானா வந்துரும், உங்கக்காகிட்ட அனுப்பு" என்று மாமியார் சொல்லித்தானே மனதைக் கல்லாக்கிக்கொண்டு உன்னோடு பஸ் ஏற்றினேன்.

சோளக்காட்டில் களை எடுக்கும்போதும் இதே நினைப்பு. ஒரு வார்த்தையாவது சொன்னானா? மறைக்காமல் எழுது.

ஸ்ரீதேவி


மைசூர்
7.8.1996

தேவி,

உட்கார்ந்து படி. ஆடிப் பதினெட்டுக்குக் காலனி ஜனங்கள் பாதிக்கு மேல் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆறு பிள்ளைகள்தான் வந்தார்கள். கத்த வேண்டியிருக்கவில்லை. பாலன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் விளையாடினான். "பாலா" என்றேன். மறுபடியும் கூப்பிட்டேன். தட்டை எடுத்து அவன் பின்னால் தட்டினேன். மற்ற ஐந்து பேரும் திரும்பினார்கள்.

அவர்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பாலனைக் காது பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு காதும் ரொம்ப மந்தமாம். பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்திருக்கிறான். மெஷின் வைத்துப் பழக்கினால் பேச்சு வருமாம். அதற்கென்று வகுப்பு இருக்கிறது. ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், கூடவே பெற்ற தாயும் தினமும் உட்கார வேண்டும். "பெரியம்மா ஆகாதாம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன். "அம்மாதான் வேணும்" என்றுவிட்டார்கள்.

நீ வர வேண்டும்.

உமா


கௌதள்ளி
13.8.1996

அக்காவுக்கு,

நாங்கள் காட்டில் கிடப்பவர்கள், தெரியவில்லை. நீ பயிற்சி எடுத்த டீச்சர். கூடவே சோறு போட்டு, கூடவே படுக்க வைத்தும் உனக்குத் தெரியவில்லையா? சமத்து, சமத்து என்று எழுதினாயே!

"செவிட்டுப் புள்ளைக்கு என்ன படிப்பு? கூட்டியாந்து ஆடு மேய்க்க உடு" என்கிறார் மாமியார். வருகிற 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நீ இனிமேல் எழுத வேண்டாம்.

ஸ்ரீதேவி


மைசூர்
19.8.1996

தேவி,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். நீ திட்டியதில் ஒரு சொல்கூட அதிகமில்லை. ஐம்பத்து மூன்று பேர் என்பது உண்மைக் காரணம்தான். ஆனாலும் உன்னிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கூட்டிக்கொண்டு போக வராதே. தங்க வா. என் ஒற்றை அறையில் மூன்று பேரும் படுத்துக்கொள்ளலாம். உன் மாமியாரிடம் நான் கேட்டதாகக் கேள்: ஆடு மேய்ப்பவனுக்கும் ஆட்டைக் கூப்பிடக் குரல் வேண்டாமா?

ஊருக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இன்று பாட்டு இல்லை, கதை இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் போய் நின்று, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "மிஸ்ஸுக்கு என்னாச்சு?" என்று சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் பாதிப் பேரைத்தான் முடிக்க முடிந்தது.

கட்டட வேலைக்குப் போகிற மாதம்மாவின் மகளை நாலு தரம் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், மற்றவர்களை நான் யாரிடம் விட்டுப் போவேன்? ஞாயிறு வரை பொறுக்காதே, தேவி. இதைப் படித்ததும் பஸ் ஏறு.

உமா