காப்புரிமையில் இரண்டு பெயர்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மேல்காற்று. பட்டறைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. துறைமுகச் சாலைப் பக்கமிருந்து கரித்தூள், உப்பளத்துப் பக்கமிருந்து உப்பு. பேரிங்குகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தேன். வாங்க வேண்டியது: கிரீஸ், கைத்துணி, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை.

மாத்திரை வாங்க மறந்தேன். காரணம், மெஹர் அக்காவின் போன். சென்னையில் எங்கள் காப்புரிமை வேலையைப் பார்ப்பவர். காயல்பட்டினத்துக்காரர், ஆபீசில் ஆங்கிலம், என்னிடம் ஊர்ப் பேச்சு.

"ஒக்காந்திருக்கியா? ஒக்காரு. சொல்லுதேன்."

புனே கம்பெனி எங்கள் விண்ணப்பத்தை எதிர்த்து மனு போட்டிருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த அதே கம்பெனி. மலைசைக்கிளின் பின்சக்கரத்துக்கு நானும் செல்வினும் செய்த சஸ்பென்ஷன் எங்களுடையது இல்லையாம். சந்தானம் சார் அங்கே வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டியதாம். நான் அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடி வந்துவிட்டேனாம். சாரே கையெழுத்துப் போட்டு உறுதிமொழி கொடுத்திருக்கிறார்.

சந்தானம் சார்! என் முதல் மேலாளர். நான் வேலையை விட்ட அன்று கேன்டீனில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தவர்.

அங்கே எனக்குக் கொடுத்த வேலை முன் ஃபோர்க்கின் ரப்பர் சீல். சீல் மட்டும். பின்சக்கரத்தின் பக்கம் போகவே விட்டதில்லை.

அழவில்லை. கிரீஸ் டப்பாவின் மூடிதான் நசுங்கிவிட்டது.

ஜூலை 9, புதன்

செல்வினிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். நான் கணக்குப் போட்டு வரைவேன், அவன் குழாயை வளைத்து வெல்டு வைப்பான், அவனே ஓட்டியும் பார்ப்பான். "இங்க இடிக்கி, அங்கன இழுக்கி" என்று வந்து சொல்வான். நான் மறுபடி வரைவேன். கண்டுபிடித்தவர்கள் என்று விண்ணப்பத்தில் இருவர் பெயரும்.

"யாரு, அந்த ஜிலேபி சாரா?" என்றான். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அவரு ஊர்ல தேரி இருக்கா?"

அதுதானே! பாறையில் சக்கரம் மோதும், எழும்பும். குலசேகரன்பட்டினம் போகிற வழியில் இருக்கிற செம்மணல் தேரியில் மோதாது, புதையும். மிதிக்க மிதிக்க இன்னும் புதையும். அதற்காகத்தான், சக்கரம் முதலில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, அப்புறம் மேலே ஏறுகிற மாதிரி இரண்டு கட்ட இணைப்பு. முதல் மாதிரி சரிவில் முறிந்து, செ. குப்புற விழுந்தான். காறை எலும்பு உடைந்தது. உள்ளே இன்னும் ஸ்டீல் தகடு.

பலகையில் வரைந்தாராம்.

ஜூலை 22, செவ்வாய்

கம்பெனியிடமிருந்து சமாதானப் பேச்சு. மெஹர் அக்கா போனில் வாசித்தார். விண்ணப்பத்தை அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் மனுவைத் திரும்பப் பெறுவார்கள். கண்டுபிடித்தவர்களில் சந்தானம் சார் முதலில், நான் இரண்டாவது. செல்வின் பெயர் கிடையாது. அவர் வெல்டர்தானே என்று அவர்களுடைய வக்கீல் சொன்னாராம்.

செ. பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"என் பேரு போனா போவுது ஏளா. ஒன் பேராவது நிக்கட்டும். எத்தன நாளைக்கு இவனுவளோட மல்லுக்கட்டுவ?"

"தகடு ஒன் தோள்ல இருக்கா, என் தோள்ல இருக்கா?"

டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டான். வீட்டில் அவன் மனைவிக்கு இது பிரசவ மாதம். கம்பெனியில் நிலையான வேலை தருவதாகவும் அவன் காதில் போட்டிருக்கிறார்கள். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா அவுக போமாட்டாக அக்கா" என்றாள்.

மெஹர் அக்காவிடம் ஒரே வார்த்தை: முடியாது.

"நானும் அதத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் மரியாதையா எழுதுதேன்."

ஜூலை 27, ஞாயிறு

ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு, அப்பா அம்மாவைப் பார்க்க. கோயில் புளியோதரை. மாத்திரை கொடுத்தாயிற்று.

அப்பா: "அவங்க வக்கீல் வச்சுக்கிட்டே இருப்பாங்கம்மா. உனக்குத்தான் வயசு போகுது."

"போகட்டும்ப்பா."

அம்மா இன்னொரு கரண்டி போட்டாள். அம்மாவின் கட்சி எது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

காப்புரிமை அலுவலக விசாரணை. வீடியோவில். பட்டறையில்தான் நெட் நன்றாக வரும் என்று அங்கேயே உட்கார்ந்தோம். நான் பருத்திச் சேலை, செ. கல்யாணத்துக்குத் தைத்த சட்டை. குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு நேற்றுதான் கொடியேறியது. தெருவில் நேர்ச்சைக்கு வேஷம் கட்டியவர்கள், தாரை தப்பட்டை. மைக்கை மூடி மூடித் திறந்தேன்.

கம்பெனி வக்கீலின் முதல் வாதம்: இது எங்கள் கண்டுபிடிப்பு. இரண்டாம் வாதம்: இது கண்டுபிடிப்பே இல்லை, வெளிநாட்டில் பழைய காப்புரிமை ஒன்றில் இருப்பதுதான்.

மெஹர் அக்கா மெதுவாக, இனிப்பாக: "இதே இணைப்புக்கு நீங்களும் எங்களுக்குப் பிறகு ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களே. அதில் உலகத்துக்கே புதிது என்று எழுதியிருக்கிறீர்களே."

அது வேறு விஷயம் என்றார் வக்கீல்.

எங்கே சோதித்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். செ. எழுந்தே நின்றுவிட்டான். "தேரியில சார். விழுந்து எலும்பு ஒடஞ்சுது. தகடு இருக்கு, காட்டட்டுமா?" சட்டைப் பொத்தானில் கை. "வேண்டாம், வேண்டாம், உட்காருங்க" என்றார் அதிகாரி. சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

திரையின் மூலையில் சந்தானம் சார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. பேச அனுமதி கேட்டேன்.

"சார், அன்னைக்குப் பலகையில வரைஞ்சதா சொல்றீங்களே, அதை இப்ப ஒரு தாள்ல வரைஞ்சு காட்டுவீங்களா? கட்டாயம் இல்லை. முடிஞ்சா போதும்."

வக்கீல் ஆட்சேபித்தார். வரைய வேண்டிய அவசியமில்லை என்று அதிகாரியும் சொன்னார். ஆனால் சாருக்கு முன்னால் தாளும் பேனாவும் இருந்தன. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் பேனாவை எடுக்கவில்லை. தண்ணீர் குடித்தார்.

வெளியே காளி வேஷம் போட்டவர் ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, கேஸா?" என்றார் செல்வினிடம். ஆமாம் என்றதும் சூலத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 14, வெள்ளி

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். செ.யின் மூன்று மாத மகளுக்குச் சளி.

உத்தரவு வந்துவிட்டது.

திருட்டுப் பழி நிற்கவில்லை. அவர்கள் காட்டியது எதுவும் அதை நிரூபிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. ஆனால் சக்கரம் பின்னால் நகர்கிற எந்த அமைப்புக்கும் என்று நாங்கள் அகலமாகக் கேட்ட முதல் உரிமை போயிற்று. அந்த வெளிநாட்டுக் காப்புரிமையில் பாதி இருக்கிறதாம். வலிக்கிறது. இரண்டு கட்ட இணைப்புக்கு மட்டும் காப்புரிமை. தேரிக்காக வைத்தோமே, அது. அது போதும். போதாது, ஆனால் போதும்.

இரண்டு பெயர்களும் இருக்கின்றன. செ. தன் பெயரைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சத்தம் போட்டு வாசித்தான். பிள்ளை தும்மியது.

நவம்பர் 17, திங்கள்

காலையில் மெஹர் அக்காவோடு ஒரு வேலை முடித்தோம். மத்தியானம் சந்தானம் சாரே போன் செய்தார்.

"வைதேகி, நல்லா இருக்கியாம்மா? கம்பெனி சொல்லிச்சு, நானும் கையெழுத்துப் போட்டேன். மனசுல வச்சுக்காதே."

"வச்சிருக்கேன் சார்."

உங்கள் இணைப்பை எங்கள் வண்டியில் பயன்படுத்துவது பற்றிப் பேசலாமா என்றார்.

"எங்க ரெண்டு பேரு பேருக்கும் எழுதிக் கேக்கச் சொல்லுங்க. யோசிக்கிறோம். உங்க கம்பெனி விண்ணப்பம் இன்னும் நிலுவைலதானே சார் இருக்கு? அதை எதிர்த்து இன்னைக்குக் காலைல மனு போட்டாச்சு."

"யார் போட்டது?"

"நானும் செல்வினும். வெல்டர்."

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன். மழை விட்டிருக்கிறது. ஈர மணலில் இதுவரை ஓட்டிப் பார்த்ததில்லை. செ. சைக்கிளை வேனில் ஏற்றிவிட்டான், ஹாரன் அடிக்கிறான், "ஏளா, எழுதுனது போதும், வா"