நாகேஸ்வரியின் கொப்பியும் பச்சை அடையாளமும்

அனுப்புநர்:
க. தியாகராசா (வயது 78),
ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர்,
அறை 7, நிழல்வாசம் முதியோர் இல்லம்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
பணிப்பாளர்,
முதியோர் இல்லங்கள் மேற்பார்வைப் பிரிவு,
கொழும்பு.

பொருள்: கிளவுட் முறைப் பதிவினால் என் மனைவி திருமதி நாகேஸ்வரி தியாகராசாவுக்கு (வயது 74) நேர்ந்த ஆபத்தும், என்னை ஞாபகமறதிக்காரன் என்று பதிந்திருப்பதும் தொடர்பாக.

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களே,

1. காணிப் பதிவகத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்தவன் நான். பெருமைக்காக இதை எழுதவில்லை. பதிவு என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தர இந்த இல்லத்தில் ஒருவருக்கும் தகுதியில்லை என்பதற்காக எழுதுகிறேன். மூன்று வருடமாக நான் ஆண்கள் பக்கத்திலும் மனைவி பெண்கள் பக்கத்தில் மூன்றாம் அறை, இரண்டாம் கட்டிலிலும் இருக்கிறோம். அவருக்கு நீரிழிவு. காலையில் இன்சுலின் ஊசி போட வேண்டும்.

2. கடந்த சித்திரை வரை ஒவ்வொரு கட்டில் காலிலும் ஒரு கொப்பி நூலில் கட்டித் தொங்கியது. அதை எழுதியவர் தாதி மாக்ரெட். கொட்டாஞ்சேனைக்காரி, செவ்வாய் தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் மாதம் பிறந்ததும் என் மனைவியிடம் விரத நாட்களைக் கேட்டுக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வளையம் போடுவார். விரத நாளில் மனைவி மத்தியானம் வரை ஒன்றும் வாயில் வைக்கமாட்டார். ஆகவே அந்நாட்களில் காலை ஊசி கிடையாது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி அளவு மட்டும் என்று வைத்தியர் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். மூன்று வருடத்தில் ஒரு நாளும் பிழைக்கவில்லை.

3. வைகாசியில் கிளவுட் வந்தது. இனி எங்கள் விபரமெல்லாம் எங்கோ ஒரு நாட்டில் ஒரு கம்பனியின் கணினியில் இருக்குமாம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டே போனில் பார்க்கலாமாம். முகாமையாளர் திரு. பிரசாந் எங்களைக் கூட்டிவைத்து விளங்கப்படுத்தினார். கொப்பி தொலையும், கிளவுட் தொலையாது என்றார். மறுநாள் கொப்பிகளைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டார்கள். அந்தக் கொப்பிக் கட்டுக்குள்ளிருந்து எங்கள் கொப்பியை மட்டும் உருவி என்னிடம் தந்தவர் மாக்ரெட். கொப்பிக்குப் பதிலாக வந்த டெப் என்ற கைக்கணினியில் விரதத்துக்கு ஓர் இடம் இல்லை. "மற்றவை" என்ற பகுதியில் போடுவோம் என்றார்கள், போடவில்லை. தாதிக்கு இனி அவ்வளவு வேலையில்லை என்று சொல்லி மாக்ரெட்டை வாரத்துக்கு இரண்டு நாளாகவும் குறைத்துவிட்டார்கள்.

சம்மதப் படிவத்தில் நான்தான் கையொப்பமிட்டேன். வாசிக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், மகன் ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் கேட்டதற்காக வாசிக்காமல் வைத்தேன். அந்த வெட்கம் என்னுடையது.

4. வேலை நடக்கும் விதத்தையும் அறியத்தருகிறேன். காலை ஏழரைக்குள் டெப்பின் உணவுப் பகுதியில் பச்சை அடையாளம் விழாவிட்டால் பிள்ளைகளின் போனில் சிவப்புக் காட்டும். சிவப்புக் காட்டினால் கனடாவிலிருந்து கோல் வரும். கோல் வந்தால் முகாமையாளர் ஏசுவார். எனவே பராமரிப்பாளர் நிலூஷா, வைஃபை பிடிக்கிற முன்மண்டபத்தில் ஆறரைக்கே உட்கார்ந்து இருபத்திரண்டு பேருக்கும் "உண்டார், உண்டார்" என்று தட்டிவிடுகிறார். சாப்பாடு அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். இருபத்திரண்டு பேருக்கு ஒருத்தி.

5. கடந்த ஒக்டோபர் 4, புரட்டாசிச் சனி. கோயிலுக்கு எள்ளெண்ணெய் எரிக்கப் புறப்படும்போது, காலை 6.45க்கு, நிலூஷாவிடம் இன்று விரதம், ஊசி போடவேண்டாம் என்று சொன்னேன். அவர் டெப்பைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அன்ரி சாப்பிட்டதெண்டு இதில இருக்கே" என்றார். இடியப்பம் அப்போது அடுப்பை விட்டே இறங்கவில்லை. அதைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒஃபிஸில் கேட்கிறேன் என்றார். சொல்லியாயிற்று, போதும் என்று நான் போய்விட்டேன். ஒஃபிஸில் இருந்தவர் திரையைப் பார்த்தார். திரையில் பச்சை இருந்தது. ஊசி முழு அளவில் போடப்பட்டது.

ஒன்பது மணிக்கு நான் திரும்பி வந்தபோது வெறுவயிற்றில் போட்ட ஊசியால் சீனி இறங்கி, மனைவி குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். நெற்றியில் ஏழு தையல், இடது மணிக்கட்டில் முறிவு. அன்று பின்னேரம் வரை என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஐம்பது வருட மணவாழ்வில் நான் அப்படிப் பயந்ததில்லை. இன்றும் அவர் வைத்தியசாலையில்தான் இருக்கிறார்.

6. ஒக்டோபர் 9 அன்று மகன் எனக்குக் கோல் எடுத்தார். அம்மா காலையில் இடியப்பம் சாப்பிட்டு, குளித்து, முற்றத்தில் நடந்ததாக அவர் போனில் இருந்ததாம். அம்மா ஐந்து நாளாக வைத்தியசாலையில் என்றேன். அதற்கு அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "அப்பா, நீங்கள் மறந்து போட்டியள்" என்றார். அம்மா விழுந்ததில் நெற்றியில் சிறு காயம்தான், மருந்து கட்டியாயிற்று என்று இல்லத்தில் அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்களாம். திரு. பிரசாந்திடம் கேட்டேன். ஆள் இல்லத்தை விட்டு விலகியதாகப் பதியும் வரை போன கிழமைப் பதிவு தானாக நிரம்பும் என்றார். தானாக நிரம்புவதற்குப் பெயர் பதிவா?

7. மகன் அப்படிச் சொன்ன காரணம் பிறகுதான் தெரிந்தது. மனைவியை அம்புலன்ஸில் ஏற்றிய கையோடு, காலை 10.15க்கு, என் பெயருக்குக் கீழே ஒஃபிஸில் இப்படிப் பதிந்திருக்கிறார்கள்: "உணவு பற்றிக் குழப்பமான கதை. ஞாபகமறதி இருக்கலாம்." எந்த வைத்தியரும் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் முதலில் டெப்பைப் பார்க்கிறார்கள், பிறகுதான் என் முகத்தை. இதை நீக்குங்கள் என்று கேட்டதற்கு, மேலே கிளவுட்டுக்குப் போனதை அழிக்க முடியாது என்கிறார்கள். காணிப் பதிவில் பிழை விழுந்தால்கூட வெட்டி, ஓரத்தில் திகதியிட்டுக் கையொப்பம் வைத்துத் திருத்தினோம். மனிதனுக்கு அந்த வசதி இல்லை.

8. நவீன முறைகளுக்கு நான் எதிரியல்ல என்று எழுதுவது வழக்கம். நான் எதிரிதான். கட்டிலைப் பார்க்காமல் திரையைப் பார்க்கும் எந்த முறைக்கும் எதிரி.

9. மனைவியை வரும் 17ஆம் திகதி வைத்தியசாலையிலிருந்து விடுவார்களாம். 22ஆம் திகதி கந்தசஷ்டி தொடங்குகிறது. ஆறு நாள். இந்த முறை விட்டுவிடும்படி கெஞ்சினேன், மாட்டேன் என்கிறார். அவர் குணம் எனக்குத் தெரியும். இல்லத்தின் குணமும் இப்போது தெரியும். ஆகவே 17க்கு முன் அவர் கட்டில் காலில் கொப்பி மீண்டும் தொங்க வேண்டும்; ஊசி போடுகிறவர் அதைப் பார்த்துக் கையொப்பமிட்ட பின்பே போட வேண்டும்; மாக்ரெட்டை முழு நேரமாக அழைக்க வேண்டும்; வைத்தியர் ஒருவர் என்னைப் பரிசோதித்து என் பெயரிலுள்ள அந்த இரண்டு வரியையும் திருத்த வேண்டும் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கொப்பியின் பிரதிகள் இத்துடன் உண்டு. மூலத்தை நான் யாரிடமும் கொடுக்கமாட்டேன்.

10. இந்த மனு கிடைத்ததும் தாங்கள் இல்லத்துக்குத் தொலைபேசி எடுப்பீர்கள். பாவம், அவருக்கு ஞாபகமறதி என்று சொல்வார்கள். அதை மறுக்க வேண்டாம். திருமதி நாகேஸ்வரி இன்று காலை என்ன சாப்பிட்டார் என்று மட்டும் கேளுங்கள். உடனே பதில் வரும். அந்தப் பதிலை எழுதி வைத்துக்கொண்டு, 17க்கு முன் சொல்லாமல் புறப்பட்டு வந்து மூன்றாம் அறை, இரண்டாம் கட்டிலைப் பாருங்கள்.

எல்லாம் ஞாபகத்தில் உள்ள,

(ஒப்பம்) க. தியாகராசா

இடம்: வெள்ளவத்தை
திகதி: 13.10.2025