வாசல் நாற்காலிக்கு எத்தனை மார்க்?

மார்ச் 4
எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். தராசு அருங்காட்சியகத்தின் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் நான். இன்று அருங்காட்சியகத்தை நடத்தும் மேடம் ஒரு கேள்வித்தாளோடு வந்தார். நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அது நியாயமா என்று பக்கத்து ஊர் விளக்கு அருங்காட்சியகத்துக்காரர் வந்து பார்ப்பாராம். பிறகு நாம் போய் அவர்களைப் பார்ப்போமாம். சம்பந்தி வீடு மாதிரி.

"வருகிறவர்கள் உட்கார இடம் உண்டா?" என்று ஒரு கேள்வி. மேடம் "உண்டு" என்று டிக் அடித்தார்.

"எங்கம்மா இருக்கு?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான்."

என் நாற்காலி! திறப்பு விழா அன்று, வர்ணம் காயும் முன்னே நான் உட்கார்ந்து, வேட்டியெல்லாம் பச்சையான நாற்காலி. அதை ஊருக்கே எழுதிவைத்துவிட்டால் நான் எங்கே போவேன்?

மார்ச் 5
முட்டி வலி. கோபம் வேறு.

மார்ச் 11
விளக்குக்காரர் வருவதற்குள் நாற்காலியைக் கிடங்கில் வைத்துப் பூட்டினேன். கண்ணில் படாததை எப்படிக் கணக்கில் சேர்ப்பார்கள்? நானும் நின்றேன், வேறு வழி?

மனிதர் நல்ல கனம். சுற்றிப் பார்த்து மூச்சு வாங்கியவர், மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ சார், அது காட்சிக்கு வச்சது!" என்று மேடம் பதறினார்.

"வேற எங்கம்மா உக்காரச் சொல்றீங்க?"

தராசின் முள் எகிறியது. வேலை செய்யாத தராசு என்று பக்கத்தில் பலகை வைத்திருக்கிறோம். அவர் முள்ளை எட்டிப் பார்த்து, "இவ்வளவா இருக்கேன்?" என்றார். மேடமே சிரித்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் சைபர். மேடம் என்னைப் பார்த்த பார்வை — இதை எழுதாதேம்மா என்றேன். எழுதிவிட்டாள்.

மார்ச் 20
மேடத்தோடு விளக்கு அருங்காட்சியகம் போனேன். மேடம் ஒவ்வொரு விளக்காக நின்று பார்க்கிறார். என் முட்டி கெஞ்சுகிறது. அங்கே இருப்பது ஒரே நாற்காலி. அதில் வாசல்காரர்.

"தம்பி, கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

"இது என் நாற்காலிங்க." கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

என்ன மனுஷனய்யா இவன்! வந்த ஆத்திரத்தில், "சைபர் போடுங்கம்மா!" என்று கத்தினேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினார்.

மார்ச் 21
காலையில் என் நாற்காலியை உள்ளே கொண்டுபோய், பெரிய தராசுக்கு எதிரே போட்டேன்.

"ஏன் மாமா?" என்கிறாள் மருமகள்.

கேள்வி கேட்காமல் எழுதும்மா. பெஞ்சு வாங்கும்வரைக்கும்தான் என்றும் சேர்த்து எழுது.