விடியலில் கத்திய செவலை

அண்ணாவுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேருக்குமே கோபம் முந்திக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். வைட்ஃபீல்டில் வண்டி ஓட்டும் வேலை பழகிவிட்டதா? மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நான்கு தடவை சினை ஊசி போட்டும் நம் செவலைப் பசுவுக்குச் சினை பிடிக்கவில்லை, விற்றுவிடலாம் என்றாய். உன் கணக்கு தப்பில்லை. ஒவ்வொரு தடவை தவறும்போதும் இருபத்தொரு நாள் தீவனம் வீண்தான். ஆனாலும் நீ அனுப்பிய வியாபாரிக்கு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம் ஹெப்பகோடி மாட்டு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாடு மேல தப்பே இல்லம்மா. பருவத்துக்கு வந்து காலையில கத்துனா அன்னிக்குச் சாயந்திரமே ஊசி போட்டுடணும். நீங்க மறுநாள் கூப்பிட்டா எப்படிப் பிடிக்கும்?" என்றார்.

விடியலில் அது கத்தியபோதெல்லாம் பசி என்று நினைத்து நாம் வைக்கோல் போட்டோம். மாலையில் கறக்கும்போதுதான் நான் கவனிப்பேன். மறுநாள் ஊசிக்காரர் வருவதற்குள் பருவம் போய்விடும்.

காலைக் கறவை உன்னுடையது என்று டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை.

நீ போனபின் காலையிலும் நானே கறக்கிறேன். ஒருநாள் விடியலில் செவலை கத்தியது. அன்று மாலையே ஊசி போட்டோம். நேற்று டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, மூன்று மாதச் சினை என்றார்.

இன்னும் ஆறு மாதத்தில் ஈன்றுவிடும். தனியாகப் பார்த்துக்கொள்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

காலைக் கறவைக்கு உன் இடத்தில் நான் இன்னும் வேறு ஆள் வைக்கவில்லை.

உன் தங்கை