நீ எழும்பும்வரை

மச்சான்,

சனிக்கிழமை காலை கீழே லொக்கரைத் திறந்து அந்தக் கறுப்புக் குப்பைப் பையை வெளியே எடுத்தேன். ஒரு வருடமாக அதன் முடிச்சில் நான் கை வைக்கவில்லை. அவிழ்த்ததும் சீடர் மரத்தின் மணம் முகத்தில் வந்து அடித்தது. உன் ஜக்கெற்றோடு நீ சேர்த்துக் கட்டிய சீடர் கொப்புகள் காய்ந்து பழுப்பாகிப் போயிருந்தன. மணம் மட்டும் அப்படியே இருந்தது. மோர்னிங்சைட் அப்பாட்மென்றின் நிலக்கீழ் அறையில், ஆரோ விட்டுப்போன சைக்கிள்களுக்கும் கோடைகால ரயர்களுக்கும் நடுவில், வெறுந்தரையில் இருந்து அழுதேன். ஐம்பத்தாறு வயதில் இப்படியும் ஒரு கூத்து.

ஜக்கெற்றைக் கேட்டது உன் மனைவி வதனிதான். ஆண்டுத் திவசம் வருகிறது, உன் உடுப்புகளில் கொஞ்சத்தை எடுத்துத் தானமாகக் கொடுக்கப் போகிறாளாம். ஞாயிறு கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செத்தவீட்டுக்குப் பிறகு உன் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. வேலை என்றேன், பனி என்றேன், இடுப்புப் பிடிப்பு என்றேன். உண்மை என்னவென்றால், நான் வதனியிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யோடு அவளுடைய தேத்தண்ணியைக் குடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று யோசித்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீ வடக்கே அந்தச் சின்ன ஊருக்கு லொறியில் சாமான் கொண்டுபோய் இறக்குகிறவன். அங்கே ஒரு பண்ணைக்காரக் கிழவர், நரி மாதிரி இருக்கிற கயோட்டிகள் வந்து தன் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவதாகப் புலம்பியிருக்கிறார். சுடுகிற ஆள் எவரையாவது தெரியுமா என்று கேட்டதற்கு, நீ உன்னையே சொல்லிவிட்டு வந்தாய். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன், துவக்குக்கு லைசென்ஸ் எடுக்க வகுப்புக்குப் போனாய். போனதும் இல்லாமல் என்னையும் இழுத்தாய். பிறம்ரனில் இருந்து சிநேகிதன் யூட்டையும் இழுத்தாய். யூட் மன்னார்க்காரன், வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடமாட்டான், சனிக்கிழமை நரி சுடுவான். கயோட்டியை நாங்கள் மூன்று பேரும் நரி என்றுதான் சொன்னோம்.

வேட்டைக்கென்று நீ வைத்த சட்டங்கள் கொஞ்சமா நஞ்சமா. வியாழக்கிழமையே மூன்று வீட்டிலும் ஜக்கெற்றுகள் பல்கனிக்குப் போய்விட வேண்டும். பிறகு சீடர் கொப்போடு பையில் கட்ட வேண்டும். வெள்ளி இரவு பொரியல் இல்லை, தாளிப்பு இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. "கறி மணத்தோட போனா நரி ஒரு மைலுக்கு அங்கால நிண்டு சிரிச்சுப்போட்டுப் போகும்" என்பாய். என் மனிசி உன்னைத் திட்டாத வெள்ளிக்கிழமை இல்லை.

பனியில் மறைந்திருக்க வெள்ளை உடுப்பு வேண்டும் என்றபோது, கடையில் விலையைப் பார்த்துவிட்டு, கஞ்சன் நீ, மூன்று எட்டுமுழ வேட்டிகளோடு வந்தாய். ஜக்கெற்றுக்கு மேலே தலையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு மூவரும் வயலில் இறங்கினோம். பண்ணைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆனால் உன் யோசனை பலித்தது. சீடர் மரத்தடியில் நீ போய்க் குந்தினால், நூற்றைம்பது அடி தள்ளியிருக்கும் எனக்கே நீ எங்கே, பனி எங்கே என்று தெரியாது.

அதனால்தான் யூட் பயந்தான். ஆளை ஆள் தெரியாத வெள்ளைக்குள் மூன்று துவக்குகள், யாராவது இடம் மாறினால் என்ன ஆகும் என்று கேட்டான். அதற்குத்தான் அந்தப் பெரிய சட்டம் வந்தது. நரியை வரவழைக்க முயல் கதறுவதுபோல் கத்துகிற பெட்டியின் ரிமோட் உன் கையில் இருக்கும். இருபது நிமிடம் கத்தவிட்டு நிற்பாட்டுவாய். பிறகு எழும்பி வேட்டியை அவிழ்த்து உதறுவாய். "நான் எழும்பி வேட்டியை உதறுமட்டும் ஒருத்தரும் அசையக்கூடாது. காலில நெருப்புப் பிடிச்சாலும்" என்றாய். மூன்று குளிர்காலம் அந்தச் சட்டம் எங்களைக் காப்பாற்றியது.

நல்ல நாட்களும் இருந்தன. உறைந்த ஏரியின் மேல் ஓநாய்கள் நான்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போனதே, ஞாபகமா? கயோட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை கன்றுக்குட்டி அளவில் தெரிந்தன. பெட்டியை நிற்பாட்டிவிட்டு, நீ துவக்கை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாய். அவை பண்ணைப் பக்கம் வரவில்லை, தங்கள் பாட்டில் போயின. அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினோம். வழி முழுக்க நீதான் பாட்டு.

கடைசிக்கு முதல் வாரம் நான் சட்டத்தை மீறினேன். கால்விரல் விறைத்துப்போய்ப் பொறுக்க முடியாமல் நீ எழும்ப முதல் எழும்பிவிட்டேன். வயல் விளிம்பில் வந்து நின்ற நரி திரும்பி ஓடியது. பிரியும்வரை யூட்டும், ஸ்காபரோ வரும்வரை நீயும் என்னை விடவில்லை. "உவனைக் கூட்டிக்கொண்டு வாறதுக்கு ஒரு கோழியைக் கட்டிக்கொண்டு வரலாம்" என்றாய். நானும் சிரித்தேன். உள்ளே சுட்டது. அடுத்த முறை கல்லாக இருக்கிறேன் பார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த அடுத்த முறைதான் கடைசி முறை.

என் வான் வண்டியில் போனோம். நெடுஞ்சாலையில் ஏறியதில் இருந்து நீ இடது தோளைத் தடவிக்கொண்டே வந்தாய். என்ன என்று கேட்டேன்.

"வாயு மச்சான். நேற்று கடலை திண்டது பிழை."

என் காற்சட்டைப் பையில் தைலம் இருந்தது. நீட்டினேன். "விசரே, மணக்கும்" என்று தள்ளிவிட்டாய். யூட்டைச் சந்திக்கிற பெற்றோல் கடையில் வாயுவுக்கு நல்லதென்று ஜிஞ்சர் ஏல், இஞ்சிச் சோடா, ஒரு ரின் வாங்கித் தந்தேன். குடித்தாய். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. "பாத்தியா, போட்டுது" என்றாய். நானும் போய்விட்டது என்று நம்பினேன். எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் எது நொந்தாலும் வாயுதானே. என் அப்பாவுக்கும் வாயு என்றுதான் சொன்னார்கள். அவர் மாரடைப்பில் போனதைக் கண்ணால் பார்த்த நானே உனக்கு ஜிஞ்சர் ஏல் வாங்கித் தந்தேன்.

நீ சீடர் மரத்தடியில் குந்தினாய். நான் வேலியோரம். யூட் மேட்டுக்கு அந்தப் பக்கம். பெட்டி கத்தத் தொடங்கியது. இருபது நிமிடம் போனது, நிற்கவில்லை. அரை மணியானது. நீ ஒருநாளும் அவ்வளவு நேரம் விடுகிறவன் இல்லை. எனக்கு அது தெரியும் மச்சான், நன்றாகத் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்தேன். உன் பக்கம் பார்த்தேன், வெள்ளைதான் தெரிந்தது. ஏதோ கண்டுவிட்டுத்தான் விடாமல் கத்தவிடுகிறாய் என்று நினைத்தேன். கூப்பிட வாய் வந்தது. கோழி என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு கல்லாக இருந்தேன்.

நாற்பது நிமிடத்தில் நரி வந்தது. வடிவான நரி, கழுத்தில் செம்மண் நிறம். குறி பார்த்து வெடி வைத்தேன், விழுந்தது. அப்போது நான் எங்கே ஓடினேன் தெரியுமா? நரியிடம் ஓடினேன். சட்டத்தை மீறி, நீ எழும்ப முதல், சந்தோசத்தில் ஓடினேன். கிளவுஸைக் கழற்றி, நரிக்குப் பக்கத்தில் குந்தி, ஃபோனில் மூன்று படம் எடுத்தேன். உனக்குக் காட்டிப் பழி தீர்க்கத்தான் எடுத்தேன். முயல்பெட்டி அப்போதும் கதறிக்கொண்டிருந்தது. மூன்றாவது படம் எடுத்த பிறகுதான், இவன் ஏன் இன்னும் இதை நிற்பாட்டவில்லை என்று உறைத்தது.

நீ மரத்தில் சாய்ந்தபடி இருந்தாய். வேட்டி கழுத்துவரை இழுத்து விட்டபடி இருந்தது. ரிமோட் கைக்குள் இருந்தது. உன் கன்னத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. அந்தக் குளிரில் கன்னம் எவ்வளவு நேரம் சூடாக இருக்கும் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம். என் அலறலைக் கேட்டுத்தான் யூட் இடத்தைவிட்டு எழும்பினான், அவனும் உன் சட்டத்துக்காகக் காத்திருந்தவன். அவன் பண்ணை வீட்டுக்கு ஓடினான், அங்கேதான் ஃபோனுக்குச் சிக்னல் எடுக்கும். வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலுதவி பழக்கிய மாதிரி நான் உன் நெஞ்சை அமத்தினேன், எண்ணி எண்ணி அமத்தினேன். அம்புலன்ஸ்காரர்கள் வந்து என் கையைப் பிடித்து எடுத்துவிட வேண்டியிருந்தது. அவர்கள் கழற்றித் தந்த உன் ஜக்கெற்றை, வானில் கிடந்த உன் கறுப்புப் பைக்குள்ளேயே, நீ கட்டிய கொப்புகளோடு போட்டு முடிந்துவைத்தேன்.

அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வதனியை அவளுடைய தம்பி கூட்டிக்கொண்டு வந்தான். உன்னைப் பார்த்துவிட்டு வந்து, அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நோகுது எண்டு ஏதும் சொன்னவரோ அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

எப்படி அந்தப் பொய் வந்தது என்று எனக்குத் தெரியாது. தோளைத் தடவினான், நான் ஜிஞ்சர் ஏல் வாங்கிக் கொடுத்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அவள், ஒரு நோவும் இல்லாமல் போனவர் என்றாள். ஒவ்வொரு தடவையும் சாட்சிக்கு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

நேற்று ஞாயிறு. ஜக்கெற்றோடு போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். ஒரு வருடம் இதோடு படுத்து எழும்பியாயிற்று, இனி முடியாது. வதனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். தோள், கடலை, தைலம், ஜிஞ்சர் ஏல், ஏப்பம். அவள் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஜக்கெற்றை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் சொன்னவர் அண்ணை. வெள்ளிக்கிழமை பின்னேரமே சொன்னவர். நான் ஓமத்தண்ணி காச்சிக் குடுத்தனான். ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு எனக்கு வாயில வரேல்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்களிட்ட ஒண்டும் சொல்லேல்லை எண்டு நீங்கள் சொன்னபடியா, ஓமத்தண்ணியில சுகம் வந்துட்டுது எண்டு நினைச்சன். பிறகு வந்தது வேற ஏதோ எண்டு நினைச்சன். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் அண்ணை இவ்வளவு நாளும் இருந்தனான்."

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் நெஞ்சுப் பாரத்தை இறக்குவதற்காக, அவள் பிடித்திருந்த ஒரே ஒரு கொப்பையும் நானே போய் வெட்டிவிட்டு வந்திருக்கிறேன். நான் செய்த பிழைகளுக்குள் எது பெரிய பிழை என்று எனக்கே தெரியவில்லை மச்சான். பொய் சொன்னதா, உண்மை சொன்னதா? நீ இருந்திருந்தால் கெட்ட வார்த்தையால் ஏசியாவது ஒரு பதில் சொல்லியிருப்பாய்.

வதனி ஜக்கெற்றை மடியில் வைத்துக்கொண்டு அதன் சிப்பை மேலும் கீழும் இழுத்தபடி இருந்தாள். அவள் அழவில்லை. கொடுக்கப் போவதாகச் சொன்ன ஜக்கெற்றைக் கொடுக்கவும் போவதில்லை என்று அவள் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. நான் எழும்பிச் சப்பாத்து மாட்டும்போது கதவடிக்கு வந்தாள்.

"கடைசியா ஒண்டு கேக்கிறன் அண்ணை. வெடி வைச்ச உடன நீங்கள் நேர அவரிட்டத்தானே ஓடினனீங்கள்?"

மூன்று படங்களும் என் சட்டைப் பையில், ஃபோனுக்குள் இருந்தன. இரண்டாவது படத்தில் நரிக்குப் பின்னால் உன் சீடர் மரம் தெரிகிறது. நான் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். வெறும் வெள்ளைதான். அதற்குள் நீ உயிரோடு இருந்தாயா என்று எந்தப் படத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

"ஓம் தங்கச்சி" என்றேன். "நேர அவனிட்டத்தான் ஓடினனான்."

அவள் மூச்சை விட்டாள். முகம் கொஞ்சம் இளகியது. இனி ஒவ்வொரு ஞாயிறும் வந்துபோகச் சொன்னாள், உன்னைப் பற்றிக் கதைக்க அவளுக்கு வேறு ஆள் இல்லையாம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போவேன் மச்சான். அவள் திரும்பத் திரும்ப அதையே கேட்பாள். நானும் திரும்பத் திரும்ப உன்னிடம்தான் ஓடினேன் என்று சொல்வேன்.